முதல் கூடை மண்

ஊரில் ஒருத்திக்கு இங்கிலீஷ் தெரியும் என்றால் அவளுக்கு எல்லாமே தெரியும் என்று அர்த்தம். நெடுங்காட்டில் மங்கையர்க்கரசியின் நிலைமை அதுதான். மருந்துப் புட்டியில் என்ன எழுதியிருக்கிறது, சிங்கப்பூரிலிருந்து வந்த ரேடியோவில் எந்தத் திருகைத் திருக வேண்டும், எல்லாவற்றுக்கும் அவளிடம்தான் வருவார்கள். தினமும் பஸ் ஏறிக் காரைக்காலுக்குப் போய் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறாவது, ஏழாவது பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறவள். ஆனால் ஒரு வெளியூர்க்காரரோடு நேருக்கு நேர் நின்று நாலு வார்த்தை இங்கிலீஷில் அவள் பேசியதே கிடையாது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னாலும் யார் நம்புவார்கள்?

எழுபத்தாறாம் வருஷம் புரட்டாசியில் அந்த ரகசியம் வாய்க்கால் கரையில் ஊர் பார்க்க உடைய இருந்தது.

காவிரி தஞ்சாவூரில் ஆறு, மாயவரத்தில் வாய்க்கால், நெடுங்காட்டுக்கு வரும்போது வெறும் ஈரம். மேலே உள்ளவர்கள் குளித்து, குடித்து, மாடு கழுவி மிச்சம் வைத்ததுதான் கடைமடைக்கு. அந்த வருஷம் மிச்சமும் குறைவு. வாய்க்காலில் தண்ணீர் ஓடும், ஆனால் வயல் மட்டத்துக்கு ஏறாது. கண்ணுக்குத் தெரிகிற தண்ணீர் வாய்க்கு எட்டாமல் ஓடுவதைப் போல வயிற்றெரிச்சல் உலகத்தில் வேறில்லை.

இதற்கு அந்தப் பக்கத்தில் ஒரு வழி உண்டு. வாய்க்காலின் குறுக்கே மூங்கில் கழிகளை அடித்து, வைக்கோல் பிரி சுற்றி, களிமண்ணை மிதித்து மிதித்து அப்பி ஒரு அணைக்கட்டு போடுவார்கள். தண்ணீர் ஒரு முழம் ஏறி மடைக்குள் திரும்பும். ஐப்பசி மழை வந்ததும் வெட்டி விட்டுவிடுவார்கள். ஆனால் சும்மா போட்டுவிட முடியாது. முதல் கூடை மண்ணைக் கீழ்மடைக்காரன்தான் போட வேண்டும். உனக்கு வரவேண்டிய தண்ணீரைத்தான் கொஞ்ச நாளைக்கு நிறுத்துகிறோம், உன் சம்மதம் இருக்கிறதா என்று கேட்பதற்கு அதுதான் முறை. மழை வந்தால் முதல் வெட்டும் அவன் கையால்தான். இது எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை. எழுதியிருந்தால் இத்தனை காலம் நின்றிருக்காது என்பது மங்கையின் மாமனார் சுப்பையனின் அபிப்பிராயம்.

அப்படிப்பட்ட சுப்பையனே அந்த வருஷம் முறையைத் தவறவிட்டார்.

கீழ்மடைக்காரர் தெட்சிணாமூர்த்தி. அணைக்கட்டு போட நாள் பார்த்த சமயத்தில் அவருடைய அம்மா இறந்துபோனாள். கருமாதி முடியவில்லை. தீட்டு வீடு. நட்ட சம்பாப் பயிரோ நுனி கருகத் தொடங்கிவிட்டது. சுப்பையன் யோசித்தார். தாயைப் பறிகொடுத்து உட்கார்ந்திருக்கிறவனிடம் போய், வா வந்து மண் போடு என்று கூப்பிடுவது மனுஷத்தனமா? கூப்பிடாமல் இருப்பதுதான் மரியாதை என்று முடிவு செய்தார். முதல் கூடையைத் தானே போட்டார்.

கருமாதி முடிந்து மொட்டைத் தலையோடு தெட்சிணாமூர்த்தி வயலைப் பார்க்க வந்தார். தன் பக்கம் வாய்க்கால் வற்றிக் கிடந்தது. மேலே நடந்து வந்து பார்த்தால் அணைக்கட்டு. அன்றைக்கு அவர் சத்தம் போட்டிருந்தால் சண்டையாகி, சமாதானமாகி, சாயங்காலம் டீக்கடையில் முடிந்திருக்கும். அவர் சத்தமே போடவில்லை. காரைக்காலுக்குப் போய் மனு கொடுத்துவிட்டு வந்தார். “எங்கம்மா செத்தது அவங்களுக்கு வசதியாப் போச்சு” என்று ஒரே ஒரு வார்த்தை டீக்கடையில் சொன்னாராம். அது சுப்பையன் காதுக்கு வந்தது. அவரும் வீம்புக்குக் குறைந்தவரில்லை. “நான் மரியாதைக்குச் செஞ்சேன். அவன் மனுல்ல போட்டான்!” என்று வீட்டில் உறுமினார். மாமியார் அஞ்சுகம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள், மனுஷன் அசையவில்லை.

இனிமேல் அந்த மனுவின் கதை. அது போன அலுவலகத்தில் சோமசேகரன் என்று ஒருவர் இருந்தார். பிரெஞ்சுக்காரன் காலத்தில் பிரெஞ்சு படித்து, பிரெஞ்சில் வேலைக்குச் சேர்ந்து, கொடி மாறிய பிறகு இங்கிலீஷில் எழுத வேண்டும் என்று ஆனதும் ரொம்பவே நொந்துபோனவர். நல்ல மனுஷர். இங்கிலீஷ் வார்த்தை அகப்படாத இடத்தில் பிரெஞ்சு வார்த்தையை வைத்து ஒப்பேற்றிவிடுவார். அணைக்கட்டுக்கும் அப்படித்தான் ‘பராஜ்’ என்று எழுதினார். பிரெஞ்சுக்காரனுக்குத் தண்ணீரை மறிக்கிற எதுவும் பராஜ்தான். ஆனால் இங்கிலீஷ்காரர்கள் அந்த வார்த்தையைக் கங்கைக்குக் குறுக்கே கட்டுகிற மாதிரி மதகும் கதவுமான பெரிய கட்டுமானத்துக்கு வைத்திருக்கிறார்கள். நெடுங்காட்டு விவசாயிகள் அரசாங்க வாய்க்காலில் அனுமதியில்லாமல் பராஜ் கட்டிவிட்டார்கள் என்று படித்ததும் பாண்டிச்சேரியில் இருந்த மேலதிகாரி நேரிலேயே கிளம்பிவிட்டார்.

ஒரு சனிக்கிழமை காலையில் இரண்டு ஜீப் வந்து நின்றது. ஒன்றில் போலீஸ்.

“டீச்சர் எங்க? டீச்சரைக் கூப்பிடுங்க” என்று சோமசேகரன் வாசலுக்கே வந்துவிட்டார். “புது அதிகாரிம்மா. பாலிவால்னு பேரு. ராஜஸ்தான்காரர். தமிழ் ஒரு எழுத்துத் தெரியாது. என் இங்கிலீஷை நம்பித்தான் இவ்வளவு தூரம் ஆகிப்போச்சு. நீ வந்து ரெண்டு வார்த்தை சொன்னாப் போதும்.”

மங்கை வாசற்படி இறங்கினாள். மாமனார் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஏற்கெனவே தெருவில் நின்றார். “அணக்கட்டைப் பிரிச்சுப்புட்டா இந்த வருசம் அறுப்பு கெடையாதும்மா. மறு நடவுக்கும் பட்டமில்ல. நீதான் பேசி நிறுத்தணும்” என்றார். அவர் அவளிடம் எதையும் கேட்டு அவள் பார்த்ததில்லை. அந்தக் குரலைக் கேட்டபோது பயத்தோடு பாவமாகவும் இருந்தது.

கரையில் பாதி ஊர் கூடியிருந்தது. பாலிவால் ஒல்லியாக, நெடுநெடுவென்று இருந்தார். முழங்கால் வரை பூட்ஸ். வாய்க்காலின் மேலும் கீழும் பார்த்துவிட்டு, “பராஜ் எங்கே?” என்று இங்கிலீஷில் கேட்டார்.

சோமசேகரன் தலையைச் சொறிந்தார். மங்கை மென்று விழுங்கி, “சார், நீங்கள் அதன் மேல்தான் நிற்கிறீர்கள்” என்றாள்.

அவர் குனிந்து காலடியைப் பார்த்தார். மண், வைக்கோல், மூங்கில். தவளை ஒன்று அவருடைய பூட்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து அவரைப் பார்த்தது. பின்னால் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். பாலிவாலுக்கு முகம் சிவந்துவிட்டது. “இதுவா? இது என்ன? இதற்கு என்ன பெயர்?” என்று சீறினார்.

என்ன பெயர் சொல்வது? டேம் என்றால் மேட்டூர். அனுமதியில்லாமல் டேம் கட்டினோம் என்று சொன்னால் போலீஸ்காரன் அப்புறம் வேறு சாட்சி தேட வேண்டியதில்லை. வெறும் மண் என்றால், அப்படியானால் அள்ளிப் போடுங்கள் என்பார். பாடப்புத்தகத்தில் படித்த வார்த்தைகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, ஒன்றும் பொருந்தாமல் திரும்பிப் போயின. பின்னாலிருந்து மாமனாரின் குரல்: “அணக்கட்டுன்னு சொல்லும்மா, ஏன் நிக்கிறே?”

இங்கிலீஷை விட்டுவிட்டு அவள் அதையே சொன்னாள். “சார், இது... அணைக்கட்டு.”

பாலிவால் சட்டென்று நிமிர்ந்தார். சந்தைக் கூட்டத்தில் யாரோ வீட்டுச் செல்லப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது மாதிரி இருந்தது அவர் முகம்.

“எனிகட்?” என்றார். “நீ எனிகட் என்றா சொன்னாய்? இந்த வார்த்தை உனக்கு எப்படித் தெரியும்?”

மங்கைக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவரே படபடவென்று பேசத் தொடங்கினார். உதய்ப்பூரைத் தாண்டி உள்ளே அவருடைய ஊர். அங்கே ஆறு என்பது மழைக்காலத்தில் சில வாரம் ஓடுகிற சமாசாரம். மற்ற நாளெல்லாம் மணல். ஒரு பஞ்சத்தில் அந்த ஆற்றின் குறுக்கே கல்லால் ஒரு சுவர் கட்டினார்கள். ஒரு வெள்ளைக்கார இன்ஜினீயர் வந்து கயிறு பிடித்து அளந்து கொடுத்தான். அப்பா அதில் கல் சுமந்தார். அடுத்த மழையில் தண்ணீர் அந்தச் சுவரில் முட்டி நின்றது. நின்று, மெல்ல மண்ணுக்குள் இறங்கி, வெகுகாலமாகச் செத்துக் கிடந்த கிணறுகளில் ஊறியது. அதற்குப் பெயர் எனிகட். “நான் நீச்சல் கற்றது எனிகட்டில். எங்கள் எருமைகூட அந்தச் சொல்லைக் கேட்டால் திரும்பிப் பார்க்கும். என் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது. பொழுது சாய்ந்தால், எனிகட்டுக்குப் போய் அப்பாவைக் கூட்டி வா என்பாள். அது எங்கள் ஊர் பாஷை. இங்கே, இந்தக் கடற்கரையில் உனக்கு அதை யார் சொல்லிக்கொடுத்தார்கள்?”

மங்கைக்குச் சட்டென்று ஒன்று ஞாபகம் வந்தது. போன வருஷம் பிள்ளைகளைக் கல்லணைக்குச் சுற்றுலா அழைத்துப் போயிருந்தாள். அங்கே பலகையில் இங்கிலீஷில் ‘கிராண்ட் அனிகட்’ என்று எழுதியிருந்தது. பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்து, “அனிகட் என்றால் அணை. எல்லாரும் சொல்லுங்க” என்று பாடம் நடத்திவிட்டு வந்திருக்கிறாள்! பெற்ற மகளையே யாரோ விருந்தாளி என்று நினைத்து நாற்காலி போட்ட கதையாகிவிட்டது. அவ்வளவு பக்கத்தில் நின்றும் காதில் விழவில்லையே.

அப்புறம் அவளுடைய இங்கிலீஷ் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியாது. இலக்கணத்தைப் பற்றிய நினைப்பே இல்லாமல் கொட்டினாள். “சார், அது எங்கள் சொல். அணை என்றால் தண்ணீரைத் தடுப்பது. கட்டு என்றால் கட்டியது. காவிரியில் பழைய காலத்து ராஜா கட்டிய அணை இருக்கிறது. இங்கிலீஷ்காரர்கள் வந்து அதைப் பார்த்து மலைத்துப்போனார்கள். அந்த மாதிரி கட்டக் கற்றுக்கொண்டு போனார்கள். பெயரையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அந்த வெள்ளைக்கார இன்ஜினீயர் உங்கள் ஊருக்குக் கொண்டுவந்தது இங்கிலீஷ் இல்லை சார். தமிழ்.”

பாலிவால் அவளை உற்றுப் பார்த்தார். “நீ கெட்டிக்காரி. ஆனால் உன் வீட்டு வயலும் இதில் இருக்கிறது என்று சோமசேகரன் சொன்னார். உன் பேச்சை மட்டும் நம்ப முடியாது” என்றார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, “மனு கொடுத்தவர் யார்?” என்று கேட்டார். மொட்டைத் தலையோடு ஒதுங்கி நின்ற தெட்சிணாமூர்த்தியைக் காட்டினார்கள். “அவரிடம் கேள். இதன் பெயர் என்ன என்று மட்டும் கேள். வேறு ஒரு வார்த்தை பேசாதே.”

மங்கை கேட்டாள். “சித்தப்பா, இதுக்கு என்ன பேருங்க?”

தெட்சிணாமூர்த்திக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “பேரு தெரியாமயா மனுக் குடுத்தேன்? அணக்கட்டு! உங்க மாமனாரு என்னையக் கூப்புடாமக் கட்டுன அணக்கட்டு!”

பாலிவால் அந்தச் சொல்லை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தார். அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து தண்ணீரில் கையை வைத்தார். “என் அம்மாவின் வாயில் இருந்தது இந்த மண்ணின் சொல்லா?” என்று அவர் மெல்லச் சொன்னதை மங்கை மட்டும் கேட்டாள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்த வாய்க்காலில் முழங்கால் சேற்றில் நின்று யாரோ எப்போதோ சொன்ன சொல், தண்ணீரே இல்லாத ஒரு தேசத்துக்கு நடந்து போய், அங்கே ஒரு தாய் பிள்ளையைக் கூப்பிடுகிற பேச்சில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. யார் அனுப்பினார்கள் அதை? யாரிடம் வழி கேட்டுப் போயிற்று?

விஷயம் கூட்டத்தில் பரவியது. “அவரு ஊருலயும் அணக்கட்டுன்னுதான் சொல்றாங்களாம்.”

“எந்த ஊரு?”

“ஒட்டகம் மேயுற ஊரு.”

“ஒட்டகத்துக்கு எதுக்குடா அணக்கட்டு?”

சிரிப்பு எழுந்தது. ஆனால் சிரித்தவர்களும் குனிந்து, இத்தனை வருஷம் பார்த்த அந்த மண்ணை இன்னொரு முறை பார்த்துக்கொண்டார்கள்.

பாலிவால் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். மறுபடி அதிகாரியாகிவிட்டார். “ஒரு சொல் எனக்குப் பிடித்துப்போனது என்பதற்காகக் கீழே உள்ளவனின் தண்ணீரை நான் நிறுத்த முடியாது. மனு நியாயமானது. இதைப் பிரித்துவிடுங்கள்” என்றார். மங்கை தன் வாயாலேயே அதைத் தமிழில் சொல்ல வேண்டும். சொன்னாள். சுப்பையன் பயிரைப் பார்த்தபடி நின்றார்.

போலீஸ்காரர் மண்வெட்டியை எடுத்து யாரிடம் நீட்டுவது என்று தயங்கினார். முதல் வெட்டு கீழ்மடைக்காரனுடையது என்பது அவருக்கும் தெரியும், அவரும் இந்தப் பக்கத்து ஆள்தான். தெட்சிணாமூர்த்தியிடம் நீட்டினார். அவர் வாங்கிக்கொண்டு இறங்கினார். இறங்கியவர் ஓங்காமல் நின்றார்.

“டீச்சர், ஒண்ணே ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. அவரு ஊருல அதைக் கட்டுனப்ப, கீழ இருக்கிறவங்களக் கூப்புட்டாங்களா?”

மங்கை கேட்டாள்.

“எங்கள் ஊர்தான் கீழே இருந்த ஊர்” என்றார் பாலிவால். “மேலே இருந்த ஊரின் பெரியவர் வீடு வீடாக வந்தார். எங்கள் வீட்டிலும் அப்போது சாவு விழுந்திருந்தது, பஞ்சமாயிற்றே. அவர் உள்ளே வரவில்லை. வாசலில் நின்று அப்பாவைக் கூப்பிட்டார். கல் சுமந்த கூலியைப் பற்றி அப்பா ஒருநாளும் பேசியதில்லை. வாசலுக்கு வந்து கூப்பிட்டார்கள் என்பதைத்தான் சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார்.”

அதைத் தமிழில் சொல்ல மங்கை கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். யாரைப் பார்த்துச் சொல்வது என்று தெரியவில்லை. கடைசியில் மாமனாரைப் பார்த்துத்தான் சொன்னாள். “சாவு வீடாம் மாமா. உள்ள வரலையாம். வாசல்ல நின்னு கூப்பிட்டாங்களாம்.”

சுப்பையன் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். வாய்க்காலில் இறங்கினார். தெட்சிணாமூர்த்தியை விடப் பத்து வயது மூத்தவர், ஊரே பார்க்க அவர் முன்னால் போய் நின்றார்.

“தப்புதான் தெட்சிணாமூர்த்தி. சாவு வூடாச்சே, எப்படிக் கேக்குறதுன்னு தயங்கிப்புட்டேன். வாசல்ல நின்னாவது ஒரு வார்த்த கேட்டிருக்கணும். அது தோணாமப் போச்சு. இப்பக் கூப்புடுறேன். வா, மண்ணு போடு.”

தெட்சிணாமூர்த்தி மண்வெட்டியை இறுக்கிப் பிடித்தார். “கட்டி முடிச்சப்பறம் கூப்புட்டா எப்படிண்ணே? முதக் கூடை மண்ணுக்கு எங்க போறது?” என்று கேட்டுக்கொண்டே மண்வெட்டியை ஓங்கி அணைக்கட்டில் போட்டார்.

ஐயோ என்று கரை முழுக்க ஒரு குரல். வெட்டிய வாயில் தண்ணீர் சீறிக்கொண்டு கீழே பாய்ந்தது. மங்கை கண்ணை மூடிக்கொண்டாள்.

“ஏலே, ஒரு பனங்கொழாய் கொண்டாங்கடா!” என்று தெட்சிணாமூர்த்தியின் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தாள். உள்ளே குடைந்த பனைமரத் துண்டு ஒன்று மடையோரம் எப்போதும் கிடக்கும். இரண்டு பேர் அதைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். தெட்சிணாமூர்த்தி வெட்டிய வாயில் அதைப் படுக்க வைத்தார். அதன் வழியாகத் தண்ணீர் அளவாகக் கீழே ஓடியது. பிறகு, தான் வெட்டிய மண்ணையே கூடையில் அள்ளி, கூடையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, குழாயின் மேல் கொட்டி மிதித்தார்.

“இது எனக்குண்டான தண்ணி. மிச்சம் உங்களுக்கு. ஐப்பசியில நானே வந்து வெட்டிக்கிறேன்” என்றார். சோமசேகரனைப் பார்த்து, “அந்த மனுவக் கிழிச்சுப் போட்டுருங்க” என்றார்.

“கிழிக்க அரசாங்கத்துல வழியில்லப்பா. வாபஸ்னு இன்னொரு மனுக் குடு.”

“குடுக்குறேன். நீங்க அதை இங்கிலீசுல எழுதாதீங்க. டீச்சர் எழுதட்டும்.”

கரையே சிரித்தது. சோமசேகரனும் சிரித்தார். பாலிவால் மட்டும் சிரிக்கவில்லை. “அவர் என்ன செய்கிறார்?” என்று கேட்டார்.

“முதல் கூடை மண், சார்” என்றாள் மங்கை. “கீழே உள்ளவர் போட வேண்டியது.”

“இரண்டாவது கூடையை யார் போடுவார்கள்?”

“யாரைக் கூப்பிடுகிறார்களோ அவர்கள்.”

தெட்சிணாமூர்த்திக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் அந்த மனுஷனின் முகத்தைப் பார்த்தார். சேற்றுக் கையால் கூடையை நிரப்பி மேலே நீட்டினார்.

“வாங்க சார்” என்றார்.

மங்கை அதை இங்கிலீஷில் சொல்ல வாயெடுத்தாள். பாலிவால் அதற்குள் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார்.